அண்ணி கொடுத்த பாதி ஈரல்

சீட்டம்மா என்று சொன்னால், கேட்பவர்கள் அவர் சீட்டாடுகிறவர் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அவருடைய கணவரே என்னிடம், "பயந்துடாதீங்க மேடம், ஆட்டக்காரி இல்ல. பஸ் சீட்டு தைக்கிறவ" என்று சொல்லித்தான் அறிமுகப்படுத்தினார். மனைவி சீட்டு தைக்கிற பஸ் டிப்போவிலேயே அவர் டிரைவர். பஸ்ஸில் ஏறுகிற ஜனமெல்லாம் தன் மனைவியின் கைவேலை மேல்தான் உட்கார்ந்து போகிறது என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை.

டிப்போவின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்று உண்டு. கிழிந்த சீட்டுகள் அங்கே வந்து குவியும். சீட்டம்மா பழைய ரெக்சினை உரித்து, நைந்துபோன ஸ்பாஞ்சை வெட்டியெடுத்து, புதியதை வைத்து, மேலுறையை இழுத்துப் பிடித்துத் தைப்பார். இடுக்குகளில் என்னென்னவோ கிடைக்குமாம். ஒற்றைக் காதணி, சீப்பு, பொம்மையின் கை. ஒருமுறை முழுப் பல்செட்டே கிடைத்தது. "சிரிச்சுக்கிட்டே ஏறுனவரு யாரோ, வாயைப் பொத்திக்கிட்டு இறங்கியிருப்பாரு" என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்க மாட்டார். நாம்தான் சிரிக்க வேண்டும்.

நான் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள். குழாய் மாதிரி இருக்கும் மெஷினுக்குள் ஆளைப் படுக்க வைத்துப் படம் எடுத்து, உள்ளுறுப்புகளின் ஓரத்தைத் திரையில் கோடு போட்டு அளந்து கொடுப்பது என் வேலை. எங்கள் அறையில் வளர்ச்சி என்பது நல்ல சொல் அல்ல. எங்கேயோ சதை வளர்ந்திருக்கிறது என்று சொல்லித்தான் பலரை அனுப்பி வைப்பார்கள். நிறுத்தத் தெரியாமல் பெருகிக்கொண்டே போகிற செல்களை அளந்து அளந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. சீட்டம்மாவுக்கு நடந்தது அப்படிப்பட்ட நேரத்தில்தான்.

டிரைவருக்கு ஒரு தங்கை. நாற்பதைத் தொட்டவர், காதோரம் நரை, எண்ணி எண்ணிப் பேசுகிற சுபாவம். ஆனாலும் வீட்டில் அவர் பாப்பாதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் தனியாக இருந்துகொண்டு, மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்த்தார். ஒருநாள் யாருக்கோ புது பிரேமை மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே இருந்த கண்ணாடியில் தன் விழியின் வெள்ளை மஞ்சளாக இருப்பதைப் பார்த்தார். விளக்கு வெளிச்சம் என்று நினைத்து அடுத்த கண்ணாடிக்குப் போனார். அதிலும் மஞ்சள். கடை முழுக்கக் கண்ணாடிகள். எல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லின.

நோய் அன்றைக்கு வந்ததல்ல. உடம்பைக் காக்க வேண்டிய காவல் செல்களே ஈரலை எதிரி என்று நினைத்துப் பல வருஷமாக அடித்துக்கொண்டிருந்தன. வலியில்லை, காய்ச்சலில்லை. கொஞ்சம் அசதி மட்டும். அதை வேலைக் களைப்பு என்று தள்ளிவிட்டிருந்தார். மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கட்டம் தாண்டிவிட்டது என்று தெரிந்தது. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் ஈரலுக்குக் காத்திருப்போர் வரிசை நீளமாக இருந்தது. உயிரோடு இருப்பவர் யாராவது தன் ஈரலில் ஒரு பங்கு கொடுத்தால் சீக்கிரம் செய்யலாம் என்றார்கள்.

அண்ணன்தான் முதலில் வந்தார். படம் எடுத்தேன். சர்ஜன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஐம்பதை நெருங்கிய, அமைதியாகப் பேசுகிற பெண்மணி அவர்.

"சார், உங்களுக்குக் கொழுப்பு ரொம்ப அதிகம். உங்க ஈரலை எடுக்க முடியாது."

"கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொல்றேன் டாக்டர்" என்றார் பக்கத்தில் நின்ற சீட்டம்மா. "ஸ்கேன் எடுத்துத்தான் தெரியணுமா?"

டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அவர்களுடைய மகனுக்கு ரத்த வகை ஒத்துவரவில்லை என்று முந்தின நாளே தெரிந்திருந்தது. சீட்டம்மா கொஞ்ச நேரம் கணவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்குப் படம் எடுக்கணும்னா காலையில சாப்பிடாம வரணுமா?" என்று கேட்டார். நாளைக்கு எந்த பஸ் என்று விசாரிக்கிற மாதிரிதான் இருந்தது அந்தக் கேள்வி.

அவருடைய ஈரல் நல்ல ஈரல். படத்தைப் பார்த்ததும் எனக்கே ஆசையாக இருந்தது. ஓரங்கள் மழுமழுவென்று, ரத்தக் குழாய்கள் பிரிய வேண்டிய இடத்தில் ஒழுங்காகப் பிரிந்து, ஒரு குறை சொல்ல முடியாது.

குறை சொல்லப் பாப்பா இருந்தார். வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

இருவருக்கும் இடையில் பெரிய பகை எதுவும் இல்லை. நாத்தனார், அண்ணி என்றால் என்ன இருக்குமோ அது இருந்தது. அண்ணி ஜன்னலைத் திறப்பார், பாப்பா சாத்துவார். பாப்பாவின் பழைய நாற்காலி கிழிந்து தொங்கியதைப் பார்த்து, அண்ணி டிப்போவில் மீந்த ரெக்சினை வாங்கி வந்து ஆசையாகப் புது உறை தைத்துக் கொடுத்தார். பாப்பா அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு அண்ணி. டிக்கெட் எங்க வாங்கணும்?" என்றார். அதற்கு அண்ணி ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்படித்தான் வருஷங்கள் போயிருந்தன.

"அவங்க வயித்தைக் கிழிச்சு நான் பிழைக்கணுமா?" என்று பாப்பா அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். "நாளைக்கு அண்ணிக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

சர்ஜன் பாப்பாவையும் அண்ணியையும் என் அறைக்கு அழைத்து வந்தது அதனால்தான். படத்தைக் காட்டிப் பேசினால் பயம் குறையும் என்று நினைத்தார். மெஷினுக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் இரண்டு ஸ்டூல்கள் மட்டும் இருந்தன. பாப்பா ஒன்றில் உட்கார்ந்தார். சீட்டம்மா உட்காராமல் திரைக்கு அருகில் போய் நின்று, தன் ஈரலை யாரோ தைத்த வேலையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இந்த வலது பக்கத்தை எடுப்போம்" என்று சர்ஜன் விரலால் காட்டினார். "பாதிக்கு மேலேயே வரும்."

"வெட்டின இடத்துல மறுபடி முளைக்குமா டாக்டர்?"

"இல்லம்மா. அந்த வடிவம் திரும்ப வராது. மிச்சம் இருக்கிற பக்கம்தான் பெருசாகும். உங்களுக்குள்ளேயும் வளரும், அவங்களுக்கு வச்சதும் வளரும்."

"பாதி போயிடுச்சுன்னு அதுக்கு யார் சொல்லுவா?"

சர்ஜன் சிரித்தார். "நல்ல கேள்வி. ஈரல் செல்லு சாதாரணமா ரெண்டாப் பிரியாது. வேலையைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கும். வெட்டி எடுத்ததும் என்ன ஆகுதுன்னா, குடல்லேர்ந்து வர்ற ரத்தம் குறையாது. முன்னே முழு ஈரலுக்கும் வந்தது இப்போ பாதி ஈரல் வழியா ஓடியாகணும். ஒவ்வொரு செல்லுக்கும் வேலை கூடிடும். உங்க டிப்போல பாதிப் பேர் லீவு போட்டா என்ன ஆகும்?"

"மீதிப் பேருக்கு முதுகு ஒடியும்."

"இங்க முதுகு ஒடியறதுக்குப் பதிலா ஆளு ரெண்டாகுது. அந்த நெருக்கடியில உடம்புலேர்ந்து சில ரசாயனம் வந்து, 'எழுந்திரு, பிரி'ன்னு செல்லைத் தட்டி எழுப்பும். செல்லு முதல்ல தான் பெருசாகும். உள்ளே அது எப்படி நடந்துக்கணும்னு எழுதி வச்ச இழை இருக்கு. அதை அச்சு மாறாம இன்னொரு பிரதி எடுத்துக்கும். ஆளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பக்கமா இழுத்து வச்சுட்டு, நடுவுல இறுக்கிப் பிரிஞ்சுடும். ஒண்ணு ரெண்டாச்சு."

"அப்புறம் எப்போ நிக்கும்? நிக்காம வளந்துட்டா?"

"ஆளுக்கு வேலை சரியா வந்ததும் எழுப்பறது நின்னுடும். பழையபடி தூங்கிடும். நிக்கத் தெரிஞ்சதுதான் அதோட நல்ல குணம்."

நான் தலையசைத்தேன். அந்தக் குணத்தின் அருமை எனக்குத் தெரியும்.

அதுவரை வாய் திறக்காத பாப்பா, "அப்போ என்னோடது ஏன் வளரல டாக்டர்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் தன் பிள்ளை மட்டும் ஏன் தேறவில்லை என்று கேட்கிற தாயின் குரல் அது.

சர்ஜன் என்னைப் பார்த்தார். நான் பாப்பாவின் படத்தைத் திரையில் கொண்டுவந்தேன். சுருங்கி, மேடும் பள்ளமுமாக, பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

"வளந்துச்சும்மா" என்றார் சர்ஜன். "இந்த மேடெல்லாம் என்ன தெரியுமா? அடிபட்ட இடத்துல மறுபடி மறுபடி செல்லு பிரிஞ்சு வளந்த திட்டு. ஒரு பக்கம் அடி விழ விழ, இன்னொரு பக்கம் இது வளந்துக்கிட்டே இருந்திருக்கு. நடுவுல தழும்பு வந்து சுத்தி வளைச்சிடுச்சு. ரத்தம் ஒழுங்காப் போக வழியில்ல. செல்லுக்கும் ஓரளவுக்கு மேல பிரியத் தெம்பில்ல. உங்களுக்கு நோயே தெரியாம இத்தனை வருஷம் வேலைக்குப் போனீங்களே, அது இது பாடுபட்டதாலதான்."

பாப்பா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். வந்த நாளிலிருந்து தன் ஈரலைப் பற்றி, ஏமாற்றிவிட்ட வேலைக்காரனைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசிக்கொண்டிருந்தார். இப்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார். சீட்டம்மா தோளைத் தொடவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. மடியிலிருந்து கண்ணாடி நழுவப் போனதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"செய்ங்க டாக்டர்" என்றார் பாப்பா கடைசியில்.

உறவில் யார் கொடுத்தாலும் ஒரு குழு கூப்பிட்டுப் பேசும். கொடுப்பவர் யாருக்காவது பயந்து கொடுக்கிறாரா, பேரம் ஏதாவது நடந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். குழுவில் இருந்த சமூகப் பணியாளர் என் தோழி. அந்த உரையாடலை அவர் பின்னொரு நாள் சீட்டம்மாவின் எதிரிலேயே சொல்லிச் சிரித்தார்.

"உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா?"

"வற்புறுத்தினாங்க. குடுக்காதேன்னு."

"உங்களுக்கும் அவங்களுக்கும் உறவு எப்படி?"

"சுமார்தான்."

குழுவில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்களாம். "அப்புறம் ஏன் கொடுக்கறீங்க?"

சீட்டம்மா யோசித்திருக்கிறார். "எனக்கு வெட்டினா வளரும். அவளுக்கு இனிமே வளராதுன்னுட்டாங்க. வளர்ற இடத்துலேர்ந்துதானே எடுக்க முடியும்? அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலங்க."

அனுமதி கிடைத்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இரண்டு மேஜைகள், இரண்டு குழுக்கள். டிரைவர் அன்று முழுதும் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். "ஈரக்குலையே நடுங்குது மேடம்" என்றவர், என்ன சொன்னோம் என்று உணர்ந்து பாதியில் நிறுத்திவிட்டார்.

பாப்பாவின் கண்ணிலிருந்து மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கண்ணாடிக் கடைக்காரர்கள், தோழிகள், டிப்போவிலிருந்து கூட ஆட்கள் வந்து அவர் அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுப் போனார்கள். தொற்று வந்துவிடக் கூடாது என்பதால் உள்ளே விடவில்லை. அத்தனை பேரின் கவலையும் அந்த ஓர் அறையின் வாசலில் நின்றது. பக்கத்துக் கட்டடத்தில் படுத்திருந்த சீட்டம்மாவை வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "உங்களுக்கென்ன, நல்லாத்தானே இருந்தீங்க, எழுந்துடுவீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

அவர் எழவில்லை. முதலில் குமட்டல் என்றார். பிறகு பசியில்லை என்றார். அப்புறம் எதுவுமே சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேலைக்கும் வாய்க்கும் ஓய்வு கொடுத்தே பழகாத மனுஷி. ஊன்றி எழவும் முடியாமல், இருமினால் கிழிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கொடுத்தவர்களுக்கு இப்படி ஒரு சோர்வு வருவதுண்டு என்று நர்ஸுகள் சொன்னார்கள். டிரைவர் சூப்பை ஸ்பூனில் எடுத்து வாயருகே கொண்டுபோனால், "அப்புறம்" என்பார். அந்த அப்புறம் வரவே வராது.

படம் எடுக்க அழைத்து வந்தபோது நான் அளந்து பார்த்தேன். ஈரல் வளர்ந்துதான் இருந்தது. ஆனால் எதிர்பார்த்ததைவிட மெதுவாக. சர்ஜன் அளவைப் பார்த்துவிட்டு, "புது செல்லு காத்துல செய்ய முடியாது. சாப்பாட்டுலேர்ந்துதான் செய்யணும். இவங்க ஒண்ணுமே சாப்பிடறதில்ல" என்றார்.

இதை டிரைவர் தங்கையிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தார். தங்கை விழியைப் பார்த்துப் பேசுகிற வேலையில் இருந்தவர். அண்ணனின் கண்ணைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். டாக்டரிடம் கெஞ்சி, முகக் கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, சக்கர நாற்காலியில் வந்தார். என் அறையில் மறுபடி படம் எடுத்து முடித்துக் காத்திருந்த சீட்டம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தினார்கள். ஒரு நர்ஸும் நானும் மட்டும் இருந்தோம்.

பாப்பா அதிகம் மெலிந்திருந்தார். குரல் கவசத்துக்குள்ளிருந்து மெல்ல வந்தது.

"அண்ணி."

சீட்டம்மா திரும்பவில்லை. "நீ ஏன் இங்க வந்தே? கிருமி ஒட்டிக்கும்."

"சாப்பிட மாட்டேங்கறீங்களாம்."

"பசிக்கல."

"எனக்கும் பசிக்கல. ஆனா எனக்கு வச்ச உங்க ஈரல் இருக்கே, அது பசி பசின்னு கேக்குது. ரெண்டு முட்டை தின்னேன் இன்னிக்கு. எனக்கு முட்டைன்னாலே ஆகாது, தெரியும்ல உங்களுக்கு?"

சீட்டம்மா சுவரைப் பார்த்தபடியே, "வெறுமையா இருக்கு பாப்பா" என்றார். "என்னன்னு சொல்லத் தெரியல. எடுத்துட்டாங்க, நீயும் பிழைச்சுட்டே. சந்தோஷமா இருக்கணும்ல? அழுகைதான் வருது. யார்கிட்ட சொல்ல?"

"என்கிட்ட சொல்லுங்க."

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? உனக்குக் குடுத்துட்டு உன்கிட்டயே வந்து அழுவாங்களா?"

"வேற யார்கிட்ட அழுவீங்க?" என்றார் பாப்பா.

சீட்டம்மா அழுதார். வயிறு குலுங்கினால் தையல் வலிக்கும் என்று நர்ஸ் ஒரு தலையணையைக் கொடுத்தார். அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதார். பாப்பாவின் கையுறை போட்ட கை அவர் தலைமேல் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும், பாப்பா அண்ணியின் தலையைத் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அழுகை அடங்கியதும் பாப்பா நர்ஸிடம் பாலும் ரொட்டியும் கேட்டார். ரொட்டியைப் பாலில் நனைத்துத் தானே ஊட்டினார். கையுறையோடு ஊட்டியதில் பாதி தலையணையில் சிந்தியது.

"உனக்குக் கண்ணு சரியாத் தெரியுதா இல்லையா? வாய் இங்க இருக்கு" என்றார் சீட்டம்மா.

நர்ஸ் சிரித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பிறகு தினமும், டாக்டர் அனுமதித்த நேரத்தில், இருவரும் போன் திரையில் முகம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். யார் தட்டில் எவ்வளவு மீந்தது என்று சண்டை நடந்தது. அடுத்த தடவை நான் கோடு போட்டு அளந்தபோது சீட்டம்மாவின் ஈரல் நன்றாகவே பெருத்திருந்தது. உருவம் மட்டும் பழைய உருவம் இல்லை. வெட்டிய பக்கம் வெறுமையாகவே இருக்க, மற்றப் பக்கம் உருண்டு திரண்டு அந்த இடத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. பாப்பாவுக்குள் இருந்ததும் வளர்ந்துகொண்டிருந்தது. அங்கே பிரிந்த ஒவ்வொரு புதுச் செல்லின் உள்ளும் அண்ணியின் அச்சுதான். பாப்பாவின் காவல் செல்கள் அதை அந்நியம் என்று கண்டுபிடித்துவிடாதபடி ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். முதல் சில மாதங்களில் ஒருமுறை அப்படி ஒரு சண்டை கிளம்பவும் செய்தது. மருந்தைக் கூட்டி அடக்கினார்கள். அப்போதும் சீட்டம்மா, "என் ஈரல்தானே, வாயாடாம இருக்குமா?" என்றார்.

கனம் தூக்கக் கூடாது என்பதால் டிப்போவில் அவருக்குச் சில மாதம் தையல் மெஷின் வேலை மட்டும் கொடுத்தார்கள். பாப்பா வருஷம் முடிவதற்குள் கடைக்குத் திரும்பினார்.

ஒரு வருஷம் கழித்து இருவருக்கும் ஒரே நாளில் படம் எடுத்தேன். இரண்டும் முந்தின படத்தில் இருந்த அளவிலேயே இருந்தன. வளர வேண்டியது வளர்ந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தது. திரையை அணைக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவைக் கொடுக்க வெளியே போனபோது, வராந்தா பெஞ்சில் பாப்பா வாயைத் திறந்தபடி அண்ணியின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் பேச வாயெடுப்பதற்குள் சீட்டம்மா விரலை உதட்டில் வைத்தார்.

"நேத்து ராத்திரியெல்லாம் தூங்கல, ரிசல்ட்டை நினைச்சுப் பயந்துக்கிட்டு" என்றார் மெல்ல.

"நல்லா இருக்கு, ரெண்டு பேருக்கும். எழுப்பிச் சொல்லட்டுமா?"

"வேணாம். எழுந்ததும் நானே சொல்லிக்கிறேன். என் கை மரத்துப்போச்சு, அந்தக் கவரை மட்டும் மடியில வச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டு வந்தேன்.